நம் நிலத்துக் கல்லுக்கு நாமே பெயரிடுவோம்!

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் இடையே கிடக்கும் வறண்ட களிமண் வெளிகளில், ஒரு பெருமழை ஓய்ந்த மறுநாட் காலையில் நடந்து பார்த்தவர்கள் ஒரு வியப்பை அறிவார்கள். மேல்மண்ணை மழை அரித்துச் சென்றிருக்கும். உள்ளே கிடந்தவை வெளியே தலைகாட்டும். சிப்பிகள், சுருள் சுருளாய்ச் சுற்றிய ஓடுகள், அம்பு முனைபோற் கூர்த்த கற்கள், அவற்றினூடே உள்ளங்கையில் அடங்கும் உருண்டைக் கற்கள் சில. அவ்வுருண்டைக் கல்லைக் கழுவிப் பார்த்தால், அதன் முதுகில் ஐந்து இதழ்ப் பூ ஒன்று செதுக்கி வைத்தாற்போல் விளங்கும். எந்தச் சிற்பியும் அதைச் செதுக்கவில்லை. எந்த உளியும் அதைத் தொடவில்லை. அது கல்லாய்ப் போன ஒரு கடலுயிர். கடல்முள்ளெலி என்று நாம் அழைக்கும் உயிரின் ஓடு.

இன்று அவ்விடத்திலிருந்து கீழைக்கடலுக்கு இரண்டு மூன்று நாள் நடை. ஆயின் ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகட்கு முன்னே கடல் அங்கே ஏறி வந்தது. சில கோடி ஆண்டுகள் ஏறியும் இறங்கியும் நின்று, பின் மெல்ல விலகிச் சென்றது. விலகும்போது தன் வரலாற்றை அடுக்கடுக்காய் எழுதிவைத்துவிட்டுச் சென்றது. அந்த ஏட்டின் பெயர்தான் காரை, கல்லங்குறிச்சி, ஊட்டத்தூர், நின்னியூர். எல்லாம் நம் ஊர்கள். எல்லாம் தூய தமிழ்ப் பெயர்கள்.

அந்த ஏட்டை முதலில் படித்தவர் யார்? நாமா? இல்லை!

1840-ஆம் ஆண்டுகளை ஒட்டிக் கேய், கன்லிப்பு என்னும் ஆங்கிலேயர் இருவர் புதுச்சேரி, முதுகுன்றமாகிய விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி ஆகிய பகுதிகளில் இக்கற்களைத் திரட்டினர். திரட்டியவற்றை இலண்டனுக்கு விடுத்தனர். அங்கிருந்த எட்வர்டு போர்ப்சு என்னும் அறிவியலார் அவற்றை ஆய்ந்து 1846-இல் பெயர் சூட்டி வெளியிட்டார். பின்னர் பிளான்போர்டு என்பார் அந்நிலப்பரப்பை அளந்து, அதன் பாறையடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாகப் பகுத்து 1862-இல் எழுதினார். அதன்பின் மொராவியா நாட்டிற் பிறந்து இந்திய நிலவியல் அளவைத்துறையிற் பணியேற்ற பெர்டினாண்டு சுடோலிச்கா, தென்னகத்து இக்கடலுயிர்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாய் எடுத்து விளக்கினார். முட்டோலிகள், அஃதாவது முள்தோல் உடைய கடலுயிர்கள் பற்றிய அவர்தம் பகுதி 1873-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, 1874-இல், யார்க்கண்டுச் செலவினின்று திரும்பும் வழியில், இலடாக்கு மலைவழியில் அவர் இறந்தார். அப்போது அவருக்கு அகவை 36.

முப்பத்தாறு ஆண்டே வாழ்ந்த ஓர் அயலகத்தான், நம் அரியலூர்க் கல்லுக்கு ஆற்றிய தொண்டை எண்ணி முதற்கண் தலைவணங்குகின்றோம். நன்றி மறத்தல் தமிழர் பண்பன்று. அவர்கள் வந்து எடுத்துச் சென்றார்கள் என்று சினப்பதற்கு முன், அவர்கள் எடுக்கும்போது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். அதனினும் கூர்மையான வினா ஒன்றுண்டு: இன்று நாம் என்ன செய்துகொண்டிருக்கின்றோம்?

கல்லுக்கும் மண்ணுக்கும் முன்னரே தோன்றிய குடி நம் குடி என்று மேடைதோறும் முழங்குகின்றோம். முழங்குவது எளிது. அந்தக் கல்லைக் கையிலெடுத்து, இது எவ்வகைக் கல், இதனுள் உறையும் உயிர் எது, அதன் அகவை என்ன என்று கேட்டால், முழங்கியவர் வாய் அடைத்துப் போகின்றது. தொன்மையைப் பற்றிப் பேசும் இனம் தொன்மையை அளக்கும் அறிவியலைக் கற்காவிடில், அப்பேச்சு வெறும் காற்று.

இன்னும் ஒன்றையும் ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகின்றோம். அரியலூர்க் கடலைக் கண்டதும், இதோ குமரி நிலத்தைக் கொண்ட கடல்கோள் என்று முடிச்சுப்போடும் அன்பர்கள் நம்மிடையே உளர். வேண்டா, அன்பர்களே! அக்கடல் இருந்த காலத்தில் தமிழனும் இல்லை, மாந்தனும் இல்லை. கல்லங்குறிச்சிச் சுண்ணக்கல் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமையது. மாந்தன் நேற்று வந்தவன். பொருந்தாத பெருமையைப் பூட்டிக்கொண்டால் பொருந்திய பெருமையையும் உலகம் நம்பாது. நமக்கு உரிய பெருமை வேறு. அந்த நிலம் நம் கையில் இருக்கின்றது. அதைப் படிக்கும் உரிமையும் கடமையும் நமக்கே முதலில் உண்டு. அப்பெருமையை ஈட்டுவது எவ்வாறு என்பதே இவ்வாசிரியவுரையின் பொருள்.

ஒரு புதிய கடல்முள்ளெலி இனத்தை உலகுக்கு அறிவிப்பது எங்ஙனம்? இது ஏதோ வெள்ளையர்க்கு மட்டுமே வாய்த்த மறைபொருள் என்று எண்ணி நம் இளைஞர் ஒதுங்கிவிடுகின்றனர். அதனாற்றான் அதன் முறையை ஈண்டு விரித்துரைக்கின்றோம்.

கடல்முள்ளெலியின் ஓடு ஒற்றை ஓடன்று. பல சிறு தட்டுகள் அடுக்கி அமைந்த கூடு அது. ஒவ்வொரு தட்டும் தனித்தனியே ஒற்றைச் சுண்ணப் பளிங்கின் இயல்புடையது. உச்சியினின்று வாய் நோக்கி இத்தட்டுகள் வரிசை வரிசையாய் இறங்கும். தொளைகள் உள்ள வரிசைகள் ஐந்து இணை. தொளைகள் இல்லா வரிசைகள் ஐந்து இணை. ஆக இருபது வரிசைகள். அத்தொளைகளின் வழியேதான் உயிருள்ளபோது அதன் குழாய்க்கால்கள் வெளிவரும். முதுகில் நாம் காணும் ஐந்து இதழ்ப் பூ அத்தொளை வரிசைகளின் கோலமே. அவ்விதழ்களின் வழியேதான் அது மூச்சுவிட்டது. தட்டுகளின்மேற் காணும் சிறு புடைப்புகள் முட்கள் பொருந்தியிருந்த இடங்கள். உயிர் போனதும் முட்கள் உதிர்ந்துவிடும். புடைப்பு மட்டும் எஞ்சும்.

இவற்றுள் இரு பெரும் பிரிவுகள். வட்டமாய், எத்திசையிலும் ஒத்திருப்பன ஒருவகை. அவை பாறைமேல் ஊர்ந்து, ஐந்து பற்கள் கொண்ட வாய்க்கருவியால் பாசியைச் சுரண்டி உண்பன. அக்கருவியை அரிசுடாட்டிலின் விளக்கு என்று உலகம் அழைக்கின்றது. ஏறத்தாழ 2300 ஆண்டுகட்கு முன் அதனைக் கண்டு எழுதியவர் அவரே. நெஞ்சாங்குலை வடிவிலோ நீள்வட்டமாகவோ, முன்பின் என்னும் வேறுபாட்டுடன் இருப்பன மற்றொருவகை. அவை மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழ்வன. ஆகவே, ஓட்டின் வடிவைப் பார்த்தே, அது வாழ்ந்த கடலடி பாறையா சேறா என்று சொல்லிவிடலாம். ஒரு கல் ஒரு கடலையே காட்டுகின்றது!

இனி, ஓர் ஊர்ப் பள்ளி ஆசிரியர் கையில் அத்தகைய கல் ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அது புதிய இனமா என அவர் எவ்வாறு அறிவார்?

முதலாவது, அது கிடந்த இடத்தை அவர் துல்லியமாய்க் குறித்துக்கொள்ளல் வேண்டும். எந்த ஊர், எந்த ஓடை, எந்தப் பாறையடுக்கு, மேலிருந்து எத்தனை அடி என்று எழுதவேண்டும். இடம் அறியாக் கல் தாய்தந்தை அறியாப் பிள்ளை. அதற்கு அழகு உண்டு, வரலாறு இல்லை.

இரண்டாவது, ஒரு கல்லோடு நிறைவடைதல் கூடாது. பத்து, இருபது, ஐம்பது எனத் திரட்டல் வேண்டும். ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகளே உருவில் வேறுபடுவர். அங்ஙனமே ஒரே இனத்துள்ளும் சிறியது, பெரியது, குட்டையது, நெட்டையது என வேறுபாடு உண்டு. வளரும் பருவத்தாலும் உரு மாறும். பாறையின் அழுத்தத்தால் நசுங்கியும் மாறியிருக்கும். இவையெல்லாம் கழிந்தபின்னும் எஞ்சிநிற்கும் வேறுபாடே இன வேறுபாடு.

மூன்றாவது, அளத்தல். நீளம், அகலம், உயரம், இதழின் நீளம், வாயின் இடம், கழிவாயின் இடமும் வடிவும், உச்சித் தட்டுகளின் அமைப்பு ஆகிய அனைத்தையும் மில்லிமீட்டர்க் கணக்கில் அளந்து எழுதல் வேண்டும். உணர்ச்சிக்கு இங்கே இடமில்லை.

நான்காவது, ஒப்பிடல். இதற்குமுன் உலகில் எங்கேனும் யாரேனும் இதனை விளக்கியுள்ளனரா என்று தேடல் வேண்டும். 1846-ஆம் ஆண்டுப் போர்ப்சின் எழுத்தையும், 1873-ஆம் ஆண்டுச் சுடோலிச்காவின் எழுத்தையும் தேடிப் படித்தல் வேண்டும். முன்னரே பெயர்பெற்ற ஒன்றுக்குப் பின்னர் ஒருவர் மறுபெயர் இட்டால் முற்பட்ட பெயரே நிலைக்கும். பிற்பட்டது தள்ளுண்டு போகும். இதுவே முந்துரிமை நெறி.

எடுத்துக்காட்டு ஒன்று காட்டுவோம். கல்லங்குறிச்சிச் சுண்ணக்கல்லில் மிகுதியாய்க் கிடைக்கும் கடல்முள்ளெலி ஒன்றுக்குப் போர்ப்சு 1846-இல் எலாட்டசு என்று பெயரிட்டார். உயர்ந்தது என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். ஓடு குவிந்து உயர்ந்திருப்பதால் அப்பெயர். பிற்கால ஆய்வில் அதனைச் சுடிக்மாட்டோபைகசு என்னும் பேரினத்துள் வைத்தனர். பேரினம் மாறிற்று, ஆயின் போர்ப்சு இட்ட சிற்றினப் பெயர் மாறவில்லை, பேரினம் மாறிற்று என்பதற்கு அடையாளமாக அவர் பெயரைப் பிறைக்கோட்டுள் இட்டு இன்றும் எழுதுகின்றனர். ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் ஆகியும் முதலில் கண்டு சொன்னவன் உரிமை அழியவில்லை. அறிவுலகத்தின் இந்த நயன்மையை நாம் போற்றுகின்றோம். அதே நயன்மையில் நமக்கும் பங்கு உண்டு என்பதை மறக்கலாகாது.

இவையெல்லாம் முடிந்தபின் பெயரிடல். இங்கேதான் மொழி வருகின்றது. தமிழன்பர்கள் செவிகொடுத்துக் கேட்க வேண்டிய இடம் இதுவே.

இலின்னேயசு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1758-இல் வெளியிட்ட பதிப்பே உலக விலங்குப் பெயரீட்டின் தொடக்கம். பேரினப் பெயர் ஒன்றும் சிற்றினப் பெயர் ஒன்றுமாக ஒவ்வோர் உயிர்க்கும் ஈருறுப்புப் பெயர். இதற்கெனப் பன்னாட்டு நெறிமுறை ஒன்றுண்டு. அதன் நான்காம் பதிப்பு 1999-இல் வெளிவந்தது. நம் இளைஞர் பலர், பெயர் இலத்தீனிலோ கிரேக்கத்திலோதான் இருத்தல் வேண்டும் என்று நம்பிக்கொண்டிருக்கின்றனர். அது பிழை! எம்மொழிச் சொல்லினின்றும் பெயர் ஆக்கலாம் என்று அந்நெறிமுறையே கூறுகின்றது. இலத்தீன் எழுத்தில் எழுதவேண்டும் என்பது மட்டுமே கட்டு. விளக்கவுரையை இன்ன மொழியில்தான் எழுதவேண்டும் என்ற கட்டும் இல்லை. உலகில் பலரும் படிக்கும் மொழியில் எழுதுக என்பது அறிவுரையே அன்றி ஆணையன்று. ஆகவே தமிழில் முழு விளக்கமும், அதனோடு ஆங்கிலத்தில் ஒரு விளக்கமும் சேர்த்து ஒருவர் எழுதி முறைப்படி வெளியிட்டால், அதைத் தள்ள எவராலும் இயலாது.

தமிழ்ச்சொல் அவ்வரிசையில் ஏறியதே இல்லையா எனின், ஏறியிருக்கின்றது. நம் ஆற்றுக் கெளிற்று மீன் ஒன்றுக்குப் பிரெஞ்சு நாட்டு வலென்சியன் 1840-இல் கெலிட்டியசு என்று சிற்றினப் பெயர் இட்டார். கெளிறு என்னும் நம் சொல்லே அது. சுடோலிச்காவும் அரியலூர்ப் பெயரைச் சுருளோடு ஒன்றுக்குச் சூட்டினார். அயலார் நம் சொல்லை எடுத்து ஆண்டனர். நாம் நம் சொல்லை எடுத்து ஆள நாணுகின்றோம்.

நாணுவது மட்டுமன்று. அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் ஊர்வனவற்றின் எலும்புகட்கு 1987-இல் ஆய்வாளர் இருவர் பெயர் சூட்டினர். என்ன பெயர்? பிருகத்காயோசாரசு. பேருடல் என்று பொருள்படும் வடசொல்லோடு பல்லி என்னும் கிரேக்கச் சொல்லை ஒட்டிய பெயர். கிடைத்த ஊர் கல்லமேடு, நிலம் தமிழ்நிலம், பெயரோ வடமொழியும் கிரேக்கமும்! பேருடல் என்னும் தமிழ்ச்சொல் அவர்கட்கு எட்டவில்லையா? எட்டியிருக்கும். ஆயின் அறிவியற் பெயர் என்றால் வடசொல்லே தகும் என்னும் நெடுநாள் மயக்கம் நம் கல்விக்கூடங்களில் ஊறிக்கிடக்கின்றது. குற்றம் அவ்விருவர்மேல் அன்று, நம் கல்விமேல்.

அவ்வெலும்புகளின் கதை அதனோடு முடியவில்லை. களிமண்ணினின்று எடுத்த அவை பாதுகாப்பாகச் சேரவேண்டிய இடம் சேருமுன்னே உதிர்ந்து அழிந்தன என்று 2017-இல் வெளிவந்த ஆய்வுரை தெரிவிக்கின்றது. வரைபடங்களும் சில ஒளிப்படங்களுமே எஞ்சின. உலகில் வாழ்ந்த நிலவிலங்குகளுள் மிகப் பெரியனவற்றுள் ஒன்றாய் அது இருந்திருக்கலாம் என்று கருதுவோர் உளர். காட்டுதற்கு எலும்பு இல்லை. சான்று போயிற்று; வழக்கும் போயிற்று. இதனினும் கொடிய பாடம் வேறு என்ன வேண்டும்?

இதனாற்றான் முதற்சான்று என்பதன் இன்றியமையாமையை வற்புறுத்துகின்றோம். புதிய இனத்தை அறிவிப்பவர், தாம் திரட்டிய கற்களுள் ஒன்றைத் தேர்ந்து, இவ்வினப்பெயரைத் தாங்குவது இக்கல்லே என்று அறிவித்தல் வேண்டும். அதுவே முதற்சான்று. அதனை ஒரு நிலையான அருங்காட்சியகத்தில் எண்ணிட்டு வைத்தல் வேண்டும். எங்கே வைக்கப்படும் என்று எழுதாமல் வெளியிடும் சிற்றினப் பெயர், 2000-ஆம் ஆண்டு முதல், செல்லாது. நாளை ஐயம் எழுந்தால், உலகின் எம்மூலையிலிருந்தும் ஓர் ஆய்வாளர் வந்து அந்த ஒரு கல்லைக் கையிலெடுத்துப் பார்த்தே தீர்ப்புக் கூறுவார். சொல் பொய்க்கலாம், படம் பொய்க்கலாம், கல் பொய்க்காது.

அப்படியாயின் அரியலூர்க் கற்களின் முதற்சான்றுகள் எங்கே உள்ளன? கேயும் கன்லிப்பும் திரட்டியவை இலண்டனுக்குப் போயின. சுடோலிச்கா விளக்கியவை கல்கத்தாவில் அளவைத்துறையின் காப்பில் உள்ளன. அரியலூரில் பிறந்த ஒரு மாணவன், தன் கொல்லைப்புறத்துக் கல்லின் பெயரை உறுதிசெய்ய, கொல்கத்தாவுக்கோ இலண்டனுக்கோ செல்லவேண்டும்! இதுதான் நம் நிலை. அவர்கள் காத்து வைத்ததால் அவை பிழைத்தன என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயின் இனிக் கிடைப்பனவும் அவ்வாறே போகவேண்டும் என்பது எவ்விதத்தில் முறை?

காக்கும் கடமை இன்னொரு கரணியத்தாலும் விரைவுடையது. கடல் விட்டுச்சென்ற சுண்ணக்கல்லே இன்று பைஞ்சுதை ஆலைகளின் உணவு. நம் வீடுகளும் பாலங்களும் அக்கல்லினின்றே எழுகின்றன. பைஞ்சுதை வேண்டா என்று நாம் சொல்லவில்லை. பல்லாயிரம் குடும்பங்கள் அதனால் உண்கின்றன. ஆயின் பொறிகள் ஒருநாளில் அகழும் கல்லை ஓர் ஆய்வாளன் ஓராண்டிலும் பார்த்து முடிக்கமாட்டான். 7 கோடி ஆண்டுகள் காத்திருந்த உயிர், பெயர்கூடப் பெறாமல், அரைபட்டு மாவாகிச் சுவருக்குள் போகின்றது. நம் வீட்டுச் சுவரில் இன்னும் எத்தனை பெயரறியா இனங்கள் பூசப்பட்டுள்ளனவோ! யாரும் எண்ணியதில்லை.

இவற்றையெல்லாம் பெரும் பேராசிரியர்களே செய்தல் கூடும், நம்மால் ஆமோ என்று தளர்வோர்க்கு ஒரு வரலாறு சொல்வோம். இங்கிலாந்தின் தென்கீழைக் கடற்கரையில் மார்கேட்டு என்னும் ஊரில் ஆர்தர் உரோ என்ற மருத்துவர் இருந்தார். நோயாளரைப் பார்த்த நேரம் போக எஞ்சிய நேரத்தில், ஊரை அடுத்த வெண்சுண்ணப் பாறைகளில் மைக்ராசுட்டர் என்னும் நெஞ்சாங்குலை வடிவக் கடல்முள்ளெலிகளைத் திரட்டினார். எந்தக் கல் எந்த அடுக்கிற் கிடைத்தது என்று ஒன்றுவிடாமற் குறித்தார். 1899-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, கீழடுக்கிலிருந்து மேலடுக்குக்கு ஏற ஏற அவ்வுயிரின் உறுப்புகள் படிப்படியாய் மாறிவந்ததை எடுத்துக்காட்டிற்று. உயிர்கள் காலத்தால் திரிபடைகின்றன என்பதற்குக் கல்லிலிருந்தே கிடைத்த சிறந்த சான்றுகளுள் ஒன்றாக அது இன்றும் பாடநூல்களிற் பேசப்படுகின்றது. அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். ஊர் மருத்துவர். அந்நாட்டு இடையர்கள் அதே கற்களை இடையர் முடி என்று அழைத்து மகிழ்ந்தனர். மகிழ்ந்ததோடு நின்றிருந்தால் அது நாட்டுப்புறக் கதை. குறித்து வைத்ததால் அது அறிவியல்.

நம் நாட்டில் மருத்துவர் இல்லையா? ஆசிரியர் இல்லையா? நிலவியல் பயின்று வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர் இல்லையா? சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் கல்மரத்தை 1940-இல் கண்டு வெளிப்படுத்தியவர் தமிழகத்தில் தோன்றிய எம். எசு. கிருட்டிணன் அல்லரா? அவர் பின்னாளில் இந்திய நிலவியல் அளவைத்துறையின் தலைமைப் பதவியையும் ஏற்றார். நம்மவர்க்கு ஆற்றல் இல்லை என்பது பொய். ஆற்றலைத் தாய்மொழியின் வழியே தட்டி எழுப்புவார் இல்லை என்பதே மெய்.

ஒரு மாணவன் தன் ஊர் ஓடையில் எடுத்த கல்லைப் பற்றித் தன் தாய்மொழியிற் படிக்க ஒரு கையேடும் இல்லையெனில், அவன் அதை எறிந்துவிட்டுத்தான் போவான். எறியப்படுவது கல் மட்டுமன்று. ஓர் ஆய்வாளனும் அவ்விடத்திலேயே எறியப்படுகின்றான். மொழியுரிமை என்பது மேடையில் மட்டும் பேசும் பொருளன்று. அது அந்த ஓடைக்கரையிலே, அந்தச் சிறுவனின் கையிலே தொடங்குகின்றது. தமிழில் அறிவியல் இல்லையேல், நாளடைவில் தமிழுக்குப் பாட்டும் வாழ்த்தும் மட்டுமே மிஞ்சும். பாட்டும் வாழ்த்தும் மட்டுமே உள்ள மொழி கோயிற் சிலை; வணங்கலாம், வாழ முடியாது.

ஆதலின் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துகின்றோம்.

தமிழக அரசுக்கு: வாரணவாசியில் அமைந்துள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தை வேடிக்கை பார்க்கும் இடமாக மட்டும் விடாது, முதற்சான்றுகளைக் காக்கும் ஆய்வகமாக வளர்த்தல் வேண்டும். பயின்ற காப்பாளரும், எண்ணிட்ட பதிவேடும், அயல்நாட்டு ஆய்வாளரும் வந்து பார்க்கும் ஒழுங்கும் அங்கே நிலைபெற வேண்டும். இலண்டனிலும் கொல்கத்தாவிலும் உள்ள முதற்சான்றுகளின் வார்ப்புப் படிகளையும் ஒளிப்படங்களையும் பெற்று அங்கே வைத்தல் வேண்டும்.

சுரங்க உரிமை பெற்றோர்க்கு: அகழ்ந்து முடித்த சுவர்களுள் அடுக்குகள் தெளிவாய்த் தெரியும் சில பகுதிகளையேனும் மூடாமல் விட்டு, ஆய்வாளரும் மாணவரும் ஆண்டுக்குச் சில நாள்கள் வந்து பார்க்க வழிவிடல் வேண்டும். இதனால் ஆலையின் ஊதியம் ஒரு காசும் குறையாது.

பல்கலைக்கழகங்கட்கு: தமிழ்நிலத்துப் புதைபடிவங்களைத் தமிழில் விளக்கும் கையேடுகளை எழுதுவித்தல் வேண்டும். புதிய இனங்களின் விளக்கவுரையைத் தமிழிலும் வெளியிடும் துணிவு வேண்டும். 2012 முதல், உரிய பதிவேட்டிற் பதிந்த மின்வழி வெளியீடுகளும் ஏற்கப்படுகின்றன. அச்சுச் செலவு என்னும் பழைய சாக்கும் இனி இல்லை.

பெயரிடும் ஆய்வாளர்கட்கு: தமிழ்வேரிற் பெயர் ஆக்குங்கள். ஆயின் விரைந்து ஆக்காதீர்கள். ஒருமுறை முறைப்படி வெளியான பெயரின் எழுத்து எளிதில் மாறாது. நம் ழகரமும் ளகரமும் றகரமும் இலத்தீன் எழுத்தில் எவ்வாறு அமையும் என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள். பிழையான பெயர் என்றென்றும் பிழையாகவே நிற்கும்.

இறுதியாக, இவ்விதழைப் படிக்கும் அன்பர்கட்கு: உங்கள் பகுதியிற் கிடைக்கும் இத்தகைய கல்லை விற்காதீர்கள்; உடைக்காதீர்கள்; அடையாளமின்றி வீட்டுப் பேழையில் இட்டு வைக்காதீர்கள். கிடந்த இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்து, அறிந்தாரிடம் கொண்டு காட்டுங்கள். உங்கள் பிள்ளைகளைக் காரை வெளிக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்தக் கல்லில் உள்ள பூவின் இதழ்களை எண்ணச் சொல்லுங்கள். ஏன் ஐந்து என்று அவர்கள் கேட்பார்கள். அந்த வினா எந்த மொழியில் பிறக்கின்றதோ, அந்த மொழியிலேயே விடை கிடைக்கும் நாளை நாம் ஆக்கித்தரல் வேண்டும்.

6.6 கோடி ஆண்டுகட்கு முன்னே நிலவுலகின் உயிரினங்களுள் பெரும்பகுதி மாய்ந்தன. அம்மாய்வுக்கு முன்பட்ட கடலும் பின்பட்ட கடலும், கல்லங்குறிச்சியிலும் நின்னியூரிலுமாக, நம் ஒரே மாவட்டத்தில் எழுதிவைக்கப்பட்டுள்ளன. இத்தகைய ஏடு உலகில் எல்லா இனத்தார்க்கும் வாய்ப்பதில்லை. நம் கையில் ஏடு இருக்கின்றது. எழுத்தாணியும் இருக்கின்றது. எழுதும் மொழியும் இருக்கின்றது.

பெயரில்லாமல் இன்னும் எத்தனையோ உயிர்கள் அக்களிமண்ணில் காத்துக் கிடக்கின்றன. அவற்றுக்கு முதற்பெயர் இடப்போவது நாமா, மீண்டும் அயலாரா என்பதை, மேடையில் நாம் முழங்கும் முழக்கம் முடிவுசெய்யாது. மழை ஓய்ந்த மறுநாட் காலையில் அவ்வெளியிற் குனிந்து பார்க்கும் ஒரு தமிழ் இளைஞனின் கண்ணும், அவன் கையிலுள்ள குறிப்பேடுமே முடிவுசெய்யும்.

எழுக, இளைஞர்காள்! குனிந்து பாருங்கள், குறித்து வையுங்கள், தமிழில் எழுதுங்கள்!